மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் அளவுக்கு மீறி உள்ளே போனால்: எல்லையோர ஐசியூவில் என்ன செய்வது, எப்போது டயாலிசிஸுக்கு அனுப்புவது

கொழிஞ்சாம்பாறை டியூட்டி | இரவு 8:50

எல்லாருக்கும் வணக்கம். சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் உள்ள சின்ன ஐசியூக்களுக்குப் பொதுவாக ஒரு நடைமுறைத் தாள் தயாராகிறது. சுகர் மாத்திரையை (மெட்ஃபார்மின், அதோடு சேர்ந்து வரும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு) மொத்தமாக விழுங்கிவிட்டு வருபவர்களுக்கான தாள் அது. வென்டிலேட்டர் இருக்கிறது, ஏபிஜி (தமனி ரத்தத்தின் அமிலமும் வாயுவும் பார்க்கும் சோதனை) மெஷின் இருக்கிறது, ராத்திரியில் டயாலிசிஸ் மட்டும் கிடையாது. அனுப்புவதென்றால் பாலக்காடு, பொள்ளாச்சி, கோவை என்று மூன்று பக்கமும் வழி இருக்கிறது.

பேச வசதியாக ஒரு கற்பனை நோயாளியை வைத்துக்கொள்வோம். எடை 60 கிலோ. மாத்திரை சாப்பிட்டு ஏழு மணி நேரம் இருக்கும் என்கிறார்கள் வீட்டார். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு நிமிடத்துக்கு 36, பிபி 86/50. கூப்பிட்டால் கண் திறக்கிறார், பதில் குழறுகிறது. பிஎச் (இறங்கினால் ரத்தத்தில் அமிலம் கூடுகிறது) 7.08, பிசிஓ2 (ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு) 16, பைகார்பனேட் (அமிலத்தை ஈடுகட்டும் காரம்) 4.6, லாக்டேட் (இந்த நஞ்சில் சேரும் அமிலக் கழிவு) 162, சோடியம் 138, குளோரைடு 98, பொட்டாசியம் 5.4, கிரியேட்டினின் 2.1, சர்க்கரை 58.

இவருக்கு டயாலிசிஸ் இப்போதே வேண்டுமா, பைகார்பனேட் ஓட்டிக் காலை வரை பார்க்கலாமா? மூச்சுக்குழாயில் டியூப் போட்டு அனுப்புவதா, போடாமல் அனுப்புவதா? சர்க்கரை ஏன் குறைந்திருக்கிறது?

மருந்தாளுநர் வேலந்தாவளம் | இரவு 9:05

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன் டாக்டர். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை பெரும்பாலும் இறங்காது. மிகக் கடுமையான நஞ்சில், கல்லீரல் குளுக்கோஸ் செய்வது நின்றுபோன நிலையில் இறங்கலாம். ஆனால் இந்தப் பக்கம் 58 என்று வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிளிமிபிரைடு சேர்ந்த கூட்டு மாத்திரையைத்தான். கிளைக்கோமெட் ஜிபி 1 என்றால் 500 மில்லிகிராம் மெட்ஃபார்மினோடு 1 மில்லிகிராம் கிளிமிபிரைடு, ஜிபி 2 என்றால் 2 மில்லிகிராம். வீட்டார் சொல்வதோ "சுகர் மாத்திரை" என்ற ஒரே பெயர்தான்.

அதனால் ஸ்ட்ரிப்பைக் கையில் வாங்கிப் பார்க்காமல் விடக் கூடாது. கடையில் வெட்டிக் கொடுத்த துண்டாக இருந்தால் பெயர் ஒரு துண்டிலும் உட்பொருள் இன்னொரு துண்டிலும் இருக்கும், எல்லாத் துண்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவை மூன்று. எஸ்ஆர், எக்ஸ்ஆர், பிஆர் என்ற எழுத்து இருக்கிறதா (மெதுவாகக் கரையும் வகை)? கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஏதாவது சேர்ந்திருக்கிறதா? டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி "கிளிஃப்ளோசின்" என்று முடியும் மருந்து இருக்கிறதா? 2020இல் டபாகிளிஃப்ளோசின் காப்புரிமை முடிந்த பிறகு அதன் மெட்ஃபார்மின் கூட்டு மலிவாகி எல்லாக் கடையிலும் வந்துவிட்டது.

இன்னொன்று, எல்லை ஊர்களில் ஒரே வீட்டில் இரண்டு அரசு மருந்தும் இருக்கலாம். மாமியாருக்குக் கேரளக் குடும்ப ஆரோக்கிய மையத்து மாத்திரை, கோபாலபுரத்திலிருந்து வந்திருக்கும் உறவுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் கிடைத்த மாத்திரை. "யாருடைய மாத்திரை" என்று கேட்டால் ஒரு பெயர் வரும். "வீட்டில் என்னென்ன மாத்திரை இருந்தது" என்று கேட்டால்தான் பிபி மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். அம்லோடிபினோ அடினலாலோ சேர்ந்து போயிருந்தால் இந்த 86/50க்கு அர்த்தமே வேறு.

எமர்ஜென்சி பாலக்காடு | இரவு 9:12

லாக்டேட் 162 என்று போட்டிருக்கிறீர்கள், யூனிட் இல்லை. அது மில்லிகிராம்/டெசிலிட்டர். 9ஆல் வகுத்தால் 18 மில்லிமோல். ஒரு ஆஸ்பத்திரி மெஷின் மில்லிகிராமில் காட்டும், அனுப்புகிற இடத்து மெஷின் மில்லிமோலில் காட்டும். போனில் "லாக்டேட் 18" என்று சொன்னதை அந்தப் பக்கம் மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டால் அது வெறும் 2, படுக்கையே தர மாட்டார்கள். தாளில் யூனிட்டை அச்சடித்தே வையுங்கள்.

கோவை நெஃப்ரோ | இரவு 9:30

டயாலிசிஸ் கேள்விக்கு நேரான பதில்: இப்போதே.

நஞ்சுகளுக்கு டயாலிசிஸ் எப்போது என்று வகுத்த எக்ஸ்ட்ரிப் குழு 2015இல் மெட்ஃபார்மினுக்குச் சொன்னது இது. லாக்டேட் 20 மில்லிமோலுக்கு மேல், அல்லது பிஎச் 7.0 அல்லது அதற்குக் கீழ், அல்லது வழக்கமான சிகிச்சையில் தேறவில்லை: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே டயாலிசிஸ் செய்தாக வேண்டும். லாக்டேட் 15 முதல் 20, பிஎச் 7.0 முதல் 7.1 என்றால் செய்யலாம் என்று பரிந்துரை. ஷாக் (பிபி விழுந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை), கிட்னிக் கோளாறு, கல்லீரல் செயலிழப்பு, நினைவு குன்றல் இருந்தால் இந்த எல்லைகளை இன்னும் தளர்த்திக்கொள்ளச் சொல்கிறது. உங்கள் நோயாளிக்கு லாக்டேட் 18, பிஎச் 7.08, கூடவே ஷாக், கிரியேட்டினின் 2.1, நினைவுக் குழப்பம். பேச இடமே இல்லை.

காலை வரை பொறுக்க முடியாததற்குக் காரணம் மருந்தின் போக்கில் இருக்கிறது. மெட்ஃபார்மின் கல்லீரலில் சிதைவதில்லை, புரதத்தில் ஒட்டுவதில்லை, முழுக்கக் கிட்னி வழியேதான் போகிறது. நல்ல கிட்னி நிமிடத்துக்கு 500 மில்லி அளவு ரத்தத்திலிருந்து அதை வடிக்கும். ஷாக் வந்து சிறுநீர் குறைந்ததும் அந்த ஒரே கதவும் மூடிக்கொள்கிறது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் காம்ப்ளெக்ஸை மருந்து தடுக்கிறது, கல்லீரல் லாக்டேட்டைத் திருப்பி எடுத்துக் குளுக்கோஸாக்குவது நிற்கிறது, லாக்டேட் ஏறுகிறது, அமிலம் இதயத்தின் சுருக்கத்தைக் குறைக்கிறது, பிபி இறங்குகிறது, கிட்னிக்கு ரத்தம் இன்னும் குறைகிறது. இந்தச் சுழல் நள்ளிரவில் ஆரம்பித்தால் விடியும்போது பிஎச் 6.8இல் நிற்கும். எஸ்ஆர் மாத்திரை என்றால் ஏழாவது மணியில் குடலிலிருந்து மருந்து இன்னும் ஏறிக்கொண்டே இருக்கலாம்.

ஆகவே 20ஐத் தொடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டயாலிசிஸ் இல்லாத ஆஸ்பத்திரிக்கு என் கருத்து: இரண்டு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு ஏபிஜியில் லாக்டேட் ஏறுகிறது, அதுவும் 10 மில்லிமோலைத் தாண்டிவிட்டது என்றாலே போனை எடுங்கள். இது எக்ஸ்ட்ரிப் எண் அல்ல, சாலை நேரத்தையும் மெஷின் தயாராகும் நேரத்தையும் சேர்த்து வைத்த எண்.

டயாலிசிஸ் டெக் பொள்ளாச்சி | இரவு 9:41

சார் சொன்ன மெஷின் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி டெக்னீஷியன் வீட்டிலிருந்து வர வேண்டும், ஆர்ஓ (தண்ணீர் சுத்திகரிக்கும் யூனிட்) ஓடி நிலைக்க வேண்டும், மெஷினைக் கழுவி, கண்டக்டிவிட்டி (கரைசலின் உப்புச் செறிவு) சரிபார்த்து, டயலைசரை (ரத்தத்தை வடிகட்டும் பகுதி) சலைனால் நிரப்பித் தயார் செய்ய வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஐசியூ படுக்கையிலேயே செய்வதென்றால் நடமாடும் ஆர்ஓ யூனிட்டும் வேண்டும். நோயாளி வந்த பிறகு சொன்னால் அந்த ஒரு மணி வீண். ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே சொன்னால் அது ஓடுகிற நேரத்தில் இங்கே வேலை முடிந்துவிடும்.

பொள்ளாச்சி மயக்கவியல் | இரவு 10:02

டியூப் விஷயத்தில்தான் உயிர்கள் போகின்றன, அதனால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

பைகார்பனேட் 4.6க்கு எதிர்பார்க்க வேண்டிய பிசிஓ2ஐ வின்டர்ஸ் கணக்கில் போடுங்கள்: 1.5 × 4.6 + 8 = ஏறத்தாழ 15, இரண்டு முன்னே பின்னே. நோயாளியின் பிசிஓ2 16. அதாவது அவர் தன் மூச்சாலேயே முழுக்க ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார், நிமிடத்துக்கு 36 மூச்சு எடுத்து. இப்போது மயக்கி, தசை தளர்த்தி, ஒரு நிமிடம் மூச்சில்லாமல் விட்டு, பிறகு வென்டிலேட்டரில் வழக்கம்போல 14 ரேட் போட்டு பிசிஓ2 40க்கு வந்தால் பிஎச் என்ன ஆகும்? 4.6ஐ 1.2ஆல் வகுத்து லாக் எடுத்து 6.1ஐக் கூட்டுங்கள்: 6.68. அந்த பிஎச்சில் பிபி ஏற்றும் நோர்அட்ரினலினும் சரியாக வேலை செய்யாது. டியூப் உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் இதயம் நிற்பது இதனால்தான்.

ஆகவே மூச்சு வேகமாக இருக்கிறது என்பது டியூப் போடக் காரணம் அல்ல, அந்த வேகம்தான் அவரைத் தாங்குகிறது. சோர்ந்துபோய் மூச்சு மெதுவாகிறது, பிசிஓ2 ஏறத் தொடங்குகிறது, வாந்தியைத் தானாகத் துப்ப முடியவில்லை: இவைதான் காரணங்கள். அனுப்பும் வழியில் அப்படி ஆகும் என்று தோன்றினால் கிளம்பும் முன்பே, வெளிச்சத்தில், இரண்டு பேர் இருக்கும்போது போடுங்கள். வாளையாரில் லாரி நெரிசலுக்கு நடுவே ஆம்புலன்ஸுக்குள் போட நேரக் கூடாது.

போடும்போது: நோர்அட்ரினலின் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்கட்டும். பைகார்பனேட் கையில் இருக்கட்டும். கெட்டமின் (மயக்க மருந்து) குறைந்த அளவில், ரோக்யூரோனியம் (தசை தளர்த்தி) முழு அளவில். பொட்டாசியம் 5.4 இருக்கும்போது, அதை இன்னும் ஏற்றும் தசை தளர்த்தியான சக்சினைல்கோலினை நான் தொட மாட்டேன். தசை தளர்ந்ததும் கைவிட்டுக் காத்திருக்காமல் பேக் மாஸ்க்கில் நிமிடத்துக்கு 30 தடவை மென்மையாக ஊதிக்கொண்டே இருங்கள். லாரிங்கோஸ்கோப்பைக் கையில் எடுப்பவர் யூனிட்டிலேயே தேர்ந்தவராக இருக்க வேண்டும், இது கற்றுக்கொடுக்கும் நேரமல்ல.

வென்டிலேட்டரில் டைடல் வால்யூம் (ஒரு மூச்சின் அளவு) 8 மில்லி/கிலோ, அதாவது 480. ரேட் 30. நிமிடத்துக்கு 14.4 லிட்டர் வரும். மூச்சு முழுக்க வெளியேறும் முன் அடுத்த மூச்சு ஏறுகிறதா என்று ஃப்ளோ கோட்டைப் பாருங்கள், கோடு பூஜ்யத்தைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் உள்ளே காற்று தேங்குகிறது, பிபி விழும். பத்து நிமிடத்தில் ஏபிஜி. பிசிஓ2 20க்குக் கீழே வைத்திருந்தால் நல்லது.

கொழிஞ்சாம்பாறை டியூட்டி | இரவு 10:10

மிகவும் பயனுள்ளது சார். பைகார்பனேட் கொடுப்பதா வேண்டாமா என்பதில்தான் ஆளுக்கு ஒரு கருத்து. அதையும் சொல்லுங்கள். ஆர்எல் (ரிங்கர் லாக்டேட் பாட்டில்) போடலாமா என்பதையும்.

பொள்ளாச்சி மயக்கவியல் | இரவு 10:24

பைகார்பனேட் நோயைக் குணமாக்காது, நேரம் வாங்கித் தரும். சாதாரண செப்சிஸ் (கடும் தொற்று) லாக்டேட்டுக்கு நான் அவசரப்பட மாட்டேன். இங்கே பிஎச் 7.1க்குக் கீழே, டயாலிசிஸ் தொலைவில், அதனால் கொடுப்பேன். நம்மிடம் உள்ள 7.5 சதவீத ஆம்பூல் 25 மில்லியில் 22 எம்இக்யூ (மில்லி ஈக்விவலன்ட்) சொச்சம் இருக்கும். 60 கிலோவுக்கு மூன்று ஆம்பூல், கிலோவுக்கு 1 எம்இக்யூ சற்று மேலே, 15 முதல் 20 நிமிடத்தில். பிறகு ஓட்டம் வேண்டுமென்றால் 500 மில்லி 5% டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் 85 மில்லியை எடுத்துவிட்டு 85 மில்லி பைகார்பனேட் சேருங்கள். லிட்டருக்கு 150 எம்இக்யூ கணக்கில் ரத்தத்தின் செறிவுக்கு ஒத்துவரும்.

தவறு நேரும் இடங்கள்: பைகார்பனேட் உடைந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது, அதை மூச்சால் வெளியேற்ற முடியாதவருக்குக் கொடுத்தால் செல்லுக்குள் அமிலம் கூடும். அயனிக் கால்சியம் இறங்கும், இறங்கினால் பிபியும் இறங்கும். பொட்டாசியம் இறங்கும். சோடியம் ஏறும். கால்சியம் குளுக்கோனேட்டை அதே லைனில் விட்டால் வெள்ளையாக உறைந்து லைன் அடைக்கும். நோர்அட்ரினலினும் அதே லைனில் வேண்டாம், காரத்தில் அதன் வீரியம் போய்விடும்.

ஆர்எல் பற்றி: அதில் உள்ள லாக்டேட்டைப் பைகார்பனேட்டாக மாற்றும் கல்லீரல் வேலையைத்தான் இந்த நஞ்சு நிறுத்தியிருக்கிறது. ஒரு பாட்டில் போனால் ஆள் சாக மாட்டார், ஆனால் பயனும் இல்லை, அடுத்த லாக்டேட்டைப் படிப்பதும் குழப்பம். சாதாரண சலைனை லிட்டர் கணக்கில் விட்டால் குளோரைடு ஏறி இன்னொரு அமிலத்தை நாமே சேர்ப்போம். பிளாஸ்மாலைட் வகை இருந்தால் அது, இல்லாவிட்டால் சலைன் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர், பிறகு எக்கோ வைத்துப் பார்த்து நோர்அட்ரினலின். போதாவிட்டால் வாசோபிரசின் நிமிடத்துக்கு 0.03 யூனிட். அட்ரினலின் தானே லாக்டேட்டை ஏற்றும், கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தையமின் 100 முதல் 200 மில்லிகிராம் நரம்பில் போட்டுவிடுங்கள். குடிப்பவர், சரியாகச் சாப்பிடாதவர் என்றால் தையமின் குறைவே லாக்டேட்டை ஏற்றியிருக்கலாம். ஆனால் தையமினுக்காக டெக்ஸ்ட்ரோஸைத் தள்ளிப்போடக் கூடாது.

எமர்ஜென்சி பாலக்காடு | இரவு 10:40

ஆனியான் கேப்பையும் (சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தது, மறைந்திருக்கும் அமிலத்தைக் காட்டும்) போட்டுப் பாருங்கள். 138 − 98 − 4.6 = 35. சாதாரண 12ஐக் கழித்தால் மிகுதி 23. அதில் லாக்டேட் கணக்கு 18 மட்டும்தான். மீதி 5 எங்கே? கிட்னிக் கழிவு கொஞ்சம் இருக்கலாம், கீட்டோனும் இருக்கலாம். கிளிஃப்ளோசின் சேர்ந்த மாத்திரை என்றால் சர்க்கரை ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் அமிலம் பெருகுவது) வரும். சிறுநீர் ஸ்ட்ரிப் அசிட்டோஅசிட்டேட்டை மட்டும் காட்டும், பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டைத் தவறவிடும், ஆகவே ரத்தக் கீட்டோன் பார்க்க வேண்டும்.

அடுத்தது பார்வை. கடுமையான மெட்ஃபார்மின் அமிலத்தில் "கண் தெரியவில்லை" என்று சிலர் சொல்வார்கள், அமிலம் சரியானதும் திரும்பிவிடும். அமிலமும் பார்வைக் குறைவும் இதேபோல் சேர்ந்து வருவது மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலிலும்தான். பார்வை மங்கல் இருந்தால் என்ன குடித்தார், எங்கே வாங்கியது என்று தனியாகக் கேளுங்கள், ஆஸ்மோலார் கேப் (ரத்தத்தின் அளந்த செறிவுக்கும் கணக்கிட்ட செறிவுக்கும் உள்ள வித்தியாசம்) போடுங்கள். எத்திலீன் கிளைக்கால் என்ற இன்னொரு நச்சு ஆல்கஹால் இருந்தால் ஏபிஜி மெஷின்கள் சிலவற்றில் லாக்டேட் பொய்யாக மிக உயரமாகக் காட்டும், லேப் லாக்டேட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பாராசிட்டமால் அளவை எல்லாருக்கும் அனுப்புங்கள். முதல் நாள் அறிகுறியே இல்லாமல் இருந்து மூன்றாம் நாள் கல்லீரலைக் கொண்டுபோகும் மருந்து அது.

சிஸ்டர் மீனாட்சிபுரம் | இரவு 10:52

சர்க்கரை பார்ப்பது பற்றிச் சொல்கிறேன் டாக்டர். ஷாக்கில் விரல் நுனியில் ரத்த ஓட்டம் இல்லை, ஜிஆர்பிஎஸ் (விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை) நம்ப முடியாது. ஆர்ட்டீரியல் லைனிலிருந்தோ சிரையிலிருந்தோ எடுத்துப் பாருங்கள். டெக்ஸ்ட்ரோஸ் ஓடுகிற அதே கையில் எடுத்தால் 400 என்று காட்டும், யாராவது பயந்து டெக்ஸ்ட்ரோஸை நிறுத்திவிடுவார்கள்.

கிளிமிபிரைடு சேர்ந்திருந்தால் 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி போட்டதும் கண் திறப்பார்கள், வீட்டாரும் நிம்மதியாவார்கள். ஒரு மணியில் திரும்ப இறங்கும், திரும்ப 100 மில்லி, திரும்ப இறங்கும். ராத்திரி முழுக்க இதுவே நடக்கும். இதற்கு வேறு வழி உண்டா?

மருந்தாளுநர் வேலந்தாவளம் | இரவு 11:04

உண்டு சிஸ்டர், ஆக்ட்ரியோடைடு. நீங்கள் சொன்ன ஏற்ற இறக்கத்துக்குக் காரணம், கிளிமிபிரைடு கணையத்தின் இன்சுலின் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. நாம் குளுக்கோஸை ஏற்றும் ஒவ்வொரு முறையும் அந்தத் திறந்த கதவு வழியே இன்னும் அதிக இன்சுலின் கொட்டுகிறது. ஆக்ட்ரியோடைடு அந்தச் சுரப்பையே அடக்கும். சல்ஃபோனைல்யூரியாவால் (கிளிமிபிரைடு வகை மருந்து) சர்க்கரை ஒருமுறை இறங்கி டெக்ஸ்ட்ரோஸ் கொடுக்க வேண்டி வந்தாலே ஆரம்பிக்கலாம். பெரியவர்களுக்கு 50 மைக்ரோகிராம் தோலடியில், ஆறு மணிக்கு ஒருமுறை. குழந்தைக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.5 மைக்ரோகிராம். ஷாக்கில் தோலடி மருந்து உறிஞ்சாது, ஆகவே இந்த நோயாளிக்கு நரம்பில் 50, பிறகு மணிக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம். 100 மைக்ரோகிராம் ஆம்பூல் ஐந்தை 50 மில்லி சலைனாக்கினால் மில்லிக்கு 10 மைக்ரோகிராம், பம்பில் மணிக்கு 2.5 முதல் 5 மில்லி.

"எங்களிடம் இல்லை" என்று சொல்லும் முன் கேஸ்ட்ரோ வார்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். கல்லீரல் நோயில் ரத்த வாந்திக்கு வைத்திருப்பது இதே மருந்துதான். மாதம் ஒருமுறை போடும் டெப்போ வகையை எடுத்துவிடக் கூடாது, பெயர் ஒன்றேபோல் இருக்கும். குளுக்ககானை நம்ப வேண்டாம், அது கணையத்தை இன்னும் தூண்டும்.

கூடவே 10% டெக்ஸ்ட்ரோஸ் மணிக்கு 100 மில்லி அளவில் ஓடட்டும், இலக்கு 100 முதல் 150. 200, 250 என்று ஏற்றி வைப்பது பாதுகாப்பு அல்ல, அதுவே அடுத்த இறக்கத்துக்கு வழி. 5% பாட்டிலையே லிட்டர் கணக்கில் விட்டால் சோடியம் இறங்கும்.

ஆக்ட்ரியோடைடை 24 மணி நேரம் கொடுத்து நிறுத்திய பிறகும், டெக்ஸ்ட்ரோஸ் இல்லாமல், ஒரு ராத்திரி உண்ணாத நேரத்தையும் சேர்த்து 24 மணி நேரம் பார்க்க வேண்டும். கிளிபென்கிளமைடு என்றால், அதுவும் கிட்னி கெட்டிருந்தால், மூன்று நாள் வரை இழுக்கும். கிளிமிபிரைடு 99 சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் டயாலிசிஸில் வெளியே வராது. ஒரே மாத்திரையில் இருந்த இரண்டு மருந்துக்கும் இரண்டு வைத்தியம் தனித்தனியாக நடக்க வேண்டும்.

டயாலிசிஸ் டெக் பொள்ளாச்சி | இரவு 11:15

இதோடு ஒட்டிய விஷயம்: பல யூனிட்டுகளில் டயாலிசிஸ் திரவம் தயாரிக்க வாங்கும் ஆசிட் கான்சன்ட்ரேட்டில் குளுக்கோஸ் இருக்காது. அதில் நாலு மணி நேரம் ஓட்டினால் 20 முதல் 30 கிராம் குளுக்கோஸ் ரத்தத்திலிருந்தே போய்விடும். கிளிமிபிரைடு கேஸில் இது ஆபத்து. கேன் லேபிளைப் படியுங்கள். குளுக்கோஸ் 100 மில்லிகிராம் உள்ளது இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் டெக்ஸ்ட்ரோஸ் ஓட்டத்தைக் கூட்டி அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். பொட்டாசியமும் அப்படித்தான், வழக்கமான கேன் 2. நெஃப்ரோ சார் எதைப் போடச் சொல்கிறீர்கள்?

கோவை நெஃப்ரோ | இரவு 11:31

தொடக்கத்தில் 5.4 என்று இருப்பது அமிலத்தால் செல்லிலிருந்து வெளியே வந்த பொட்டாசியம். பிஎச் ஏற ஏற அது உள்ளே ஓடும், டெக்ஸ்ட்ரோஸும் இன்சுலினும் சேர்ந்து இன்னும் தள்ளும். 3 உள்ள கேன் இருந்தால் அதுதான் சரி. 2 மட்டும் என்றால் முதல் இரண்டு மணி அதில் ஓட்டி, மணிக்கு ஒருமுறை பொட்டாசியம் பார்த்து, 4க்குக் கீழே வந்ததும் சென்ட்ரல் லைனில் மணிக்கு 20 எம்இக்யூ வீதம் ஈடுகட்டுங்கள். நீண்ட டயாலிசிஸில் பாஸ்பேட்டும் இறங்கும்.

முறை பற்றி. ஷாக் இருக்கிறது, ஆகவே சிஆர்ஆர்டி (மெதுவாக இடைவிடாமல் ஓடும் டயாலிசிஸ்) என்று பலர் உடனே முடிவெடுக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். சிஆர்ஆர்டியில் மருந்து வெளியேறும் வேகம் எஃப்ளுவென்ட் (மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் திரவம்) வேகத்தைத் தாண்டாது. 60 கிலோவுக்கு 35 மில்லி/கிலோ/மணி என்றால் மணிக்கு 2100, அதாவது நிமிடத்துக்கு 35 மில்லி. சாதாரண ஹீமோடயாலிசிஸில் 170 வரை கிடைக்கும். ஐந்து மடங்கு. ஆகவே நோர்அட்ரினலினைக் கூட்டிக்கொண்டாவது ஹீமோடயாலிசிஸ்தான் முதல் தேர்வு. நீரை இழுக்கவே வேண்டாம், யுஎஃப் பூஜ்யம். அமிலம் குறையக் குறைய பிபி தானே ஏறுவதைப் பார்க்கலாம். ரத்த ஓட்டம் 300, டயாலிசேட் 500, நேரம் குறைந்தது ஆறு முதல் எட்டு மணி. பிபி அறவே தாங்கவில்லை என்றால் ஸ்லெட் (வேகம் குறைத்து நீண்ட நேரம் ஓட்டும் டயாலிசிஸ்): ரத்தம் 200, டயாலிசேட் 300, பத்து மணி வரை. எதுவும் முடியாவிட்டால்தான் சிஆர்ஆர்டி, அப்போது டோஸை உங்கள் மெஷின் தாங்கும் உச்சத்தில் வையுங்கள். வயிற்று டயாலிசிஸ் இந்த நஞ்சுக்குப் போதாது. டயாலிசேட் பைகார்பனேட் வகையாகத்தான் இருக்க வேண்டும்.

கதீட்டர் வலது ஜுகுலரில் (கழுத்துச் சிரை), 12 ஃப்ரெஞ்ச் தடிமன். படுக்க முடியாமல் மூச்சு வாங்கினால் தொடையில், நீளமான கதீட்டர். குட்டையானதைத் தொடையில் போட்டால் சுத்தமான ரத்தமே சுற்றிச் சுற்றி வரும்.

எப்போது நிறுத்துவது என்பதில் அவசரம் காட்டாதீர்கள். லாக்டேட் 3 மில்லிமோலுக்குக் கீழும் பிஎச் 7.35க்கு மேலும் வர வேண்டும். வந்தாலும் கதீட்டரை உடனே எடுக்க வேண்டாம். மெட்ஃபார்மின் சிவப்பணுக்களிலும் திசுக்களிலும் பெருமளவு தங்கியிருக்கிறது, ரத்தத்தைச் சுத்தம் செய்தபின் அங்கிருந்து மெல்ல வெளியே வரும். முழு ரத்தத்தில் அதன் அரை ஆயுள் 17 மணி நேரத்துக்கு மேல். முடித்த பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை லாக்டேட், பன்னிரண்டு மணி நேரம். 5ஐத் தாண்டி ஏறினால் அடுத்த சிட்டிங்.

இன்னொன்றையும் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள். இந்த நஞ்சில் எண்களைப் பார்த்துக் கைவிடக் கூடாது. பிஎச் 6.9க்குக் கீழே போனவர்கள் டயாலிசிஸால் முழுக்கத் தேறி வீட்டுக்குப் போனதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. செப்சிஸில் அந்த எண்ணைப் பார்த்து நாம் எடுக்கும் முடிவை இங்கே எடுத்தால் பிழைக்கக்கூடிய ஆளை இழப்போம். இதயம் நின்றாலும் நீண்ட நேரம் அழுத்துங்கள், எக்மோ (இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் மெஷின்) உள்ள இடத்துக்குப் பேசுங்கள்.

சிஸ்டர் மீனாட்சிபுரம் | இரவு 11:44

சார்கோல் (நஞ்சை உறிஞ்சும் கரி), குடல் கழுவுவது இவையெல்லாம் யாருக்கு?

எமர்ஜென்சி பாலக்காடு | இரவு 11:58

சீக்கிரம் வருபவருக்கு. நினைவோடு, வாந்தி கட்டுப்பட்டு, ஒரு மணி இரண்டு மணிக்குள் வந்தால் சார்கோல் 50 கிராம். எஸ்ஆர் வகை என்றால் இன்னும் சற்று தாமதமாகவும் கொடுக்கலாம். எஸ்ஆர் மாத்திரைகள் வயிற்றில் ஒட்டிக் கட்டியாகி மெதுவாகக் கரையும், அதற்குத்தான் குடல் கழுவல்: எலக்ட்ரோலைட் சேர்ந்த பாலி எத்திலீன் கிளைக்கால் பாக்கெட், 137 கிராமை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் குழாய்) வழியே மணிக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர், வெளியே வருவது தெளிவாகும் வரை. மலச்சிக்கலுக்கு விற்கும் எலக்ட்ரோலைட் இல்லாத பொடியை அதே அளவில் விடக் கூடாது. தலைப்பக்கம் 45 டிகிரி உயர்த்தி வையுங்கள்.

இந்தக் கற்பனை நோயாளிக்கு இரண்டும் வேண்டாம். பிபி இல்லை, குடலுக்கு ரத்தம் இல்லை, மூச்சுக்குழாய் பாதுகாப்பாக இல்லை. நுரையீரலுக்குள் சார்கோல் போனால் புதிதாக ஒரு நோய் சேரும்.

ஆம்புலன்ஸில் கூட வேண்டியவை: இரண்டு சிரிஞ்ச் பம்ப், ஓடும் நோர்அட்ரினலின் தீர்ந்தால் மாற்ற நிரப்பிய இன்னொரு சிரிஞ்ச், 25% டெக்ஸ்ட்ரோஸ் நாலு, பைகார்பனேட் ஆறு ஆம்பூல், குளுக்கோமீட்டர், மாத்திரை ஸ்ட்ரிப் துண்டுகள் ஒரு கவரில், நேரமும் யூனிட்டும் எழுதிய ஏபிஜி பிரிண்ட்டுகள். கால் மணிக்கு ஒருமுறை சர்க்கரை. எந்த மாநிலத்துக் காப்பீட்டு அட்டை என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள், ஆனால் போகும் ஊரை அது தீர்மானிக்கக் கூடாது. எந்த ஊரில் இந்த ராத்திரி மெஷினும் ஆளும் தயார் என்று போனில் உறுதியாகிறதோ அந்த ஊர். சந்தேகம் இருந்தால் டெல்லி எய்ம்ஸ் நஞ்சுத் தகவல் மையம் 1800 116 117, இரவும் எடுப்பார்கள்.

கொழிஞ்சாம்பாறை டியூட்டி | காலை 6:20

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. லாக்டேட் 10 என்ற போன் எல்லையையும், டியூப் பக்கத்தையும், ஆக்ட்ரியோடைடு கரைசலையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வார்டுக்கு மாறும்போது எழுத வேண்டியது ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

எமர்ஜென்சி பாலக்காடு | காலை 6:48

தானாகச் சாப்பிட்டதென்றால் எம்எல்சி (மருத்துவ-சட்ட வழக்கு) பதிவு வழக்கப்படி. ஆனால் வீட்டார் போலீஸ் கேஸுக்குப் பயந்து நேரத்தையும் எண்ணிக்கையையும் மறைப்பார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115வது பிரிவின்படி தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், வேறு விதமாக நிரூபணமாகாத வரை வழக்கும் தண்டனையும் கிடையாது. இதை முதலிலேயே தமிழில் நிதானமாகச் சொல்லிவிட்டால் உண்மையான நேரம் வெளியே வரும். அந்த நேரம் நமக்கு மருந்து மாதிரி. ஐசியூவிலிருந்து வெளியே வந்ததும் மனநல மருத்துவர் பார்த்த பிறகே டிஸ்சார்ஜ். அதுவரை படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு ஆள், கைக்கெட்டும் தூரத்தில் மருந்து கூடாது. மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 தமிழிலும் மலையாளத்திலும் பேசும், கேரளத்தில் திஷா 1056. எண்களை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.

மருந்தாளுநர் வேலந்தாவளம் | காலை 7:10

மருந்துப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். சில கூட்டு மாத்திரைகளில் வோக்லிபோஸும் இருக்கும். அது குடலில் சர்க்கரை உடைவதைத் தடுக்கும், ஆகவே வார்டில் சர்க்கரை இறங்கும்போது சர்க்கரைத் தண்ணீரோ வெல்லமோ உடனே ஏறாது. குளுக்கோஸ் பொடிதான் கரைத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நரம்பில். மெட்ஃபார்மினைத் திரும்பத் தொடங்குவதைக் கிட்னி பழைய நிலைக்கு வந்த பிறகு, சுகர் டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு பாருங்கள், அதுவரை தேவைப்பட்டால் இன்சுலின். வீட்டில் மிச்சம் இருக்கும் ஸ்ட்ரிப்புகளை, மற்றவர்களுடையதையும் சேர்த்து, ஒரு உறவினர் பொறுப்பில் பூட்டி வைத்து வாரத்துக்கு ஏழு நாள் அளவு மட்டும் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டில் அதை எழுதிக் கொடுத்தால் எங்கள் கடைகளிலும் முழு ஸ்ட்ரிப்பாகத் தராமல் வார அளவாகவே வெட்டிக் கொடுப்போம். அப்போது பெயரும் உட்பொருளும் உள்ள பக்கத்தைக் கையால் கவரில் எழுதித் தருவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.